பழைய இறக்குமதிக் கத்திகள்: எந்த ஊர்க் கத்தியில் தொடங்குவது?

பழைய வெளிநாட்டுக் கத்திகளைச் சேர்க்கத் தொடங்குகிறவர்களில் பலர் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கிப் போடுகிறார்கள். ஏலத்தில் ஒரு ஜெர்மன் வேட்டைக் கத்தி, பழைய சாமான்கள் விற்கும் இடத்தில் ஓர் ஆங்கிலேயப் பேனாக்கத்தி, யாரோ வேண்டாமென்று கொடுத்த ஜப்பானிய மடக்குக் கத்தி. கொஞ்ச நாளில் இழுப்பறை நிரம்பிவிடும். ஆனால் அதில் எது எந்தக் காலத்தது, எது அசல், எது பழையதுபோல் வேடம் போட்டது என்று கேட்டால் பதில் வராது. ஒவ்வோர் ஊரின் முத்திரை மரபும் வேறு, பிடிக்குப் பயன்படுத்திய பொருள் வேறு, போலி செய்கிறவர்களின் கைவரிசையும் வேறு. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கற்றுக்கொள்ள யாராலும் முடியாது. அதனால் முதலில் ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்துக்கொள்வது நல்லது.

முன்வரிசையில் நிற்பவை நான்கு: இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் ஸோலிங்கன், சுவிட்சர்லாந்தின் படைவீரர் கத்திகள், ஜப்பானின் செகி. அழகு, புகழ், எஃகின் தரம் என்று எதை வைத்தும் இவற்றை ஒப்பிடலாம். நான் வைக்கும் அளவுகோல் வேறு. விற்பவர் வாயே திறக்காவிட்டாலும் கத்தி தன்னைப் பற்றி எவ்வளவு சொல்கிறது என்பதுதான் அது. "தாத்தா காலத்துப் பொருள்", "போர்முனையில் கிடைத்தது" போன்ற கதைகளை நம்பி வாங்கினால், அதே கதையைச் சொல்லித்தான் பிறகு விற்கவும் வேண்டியிருக்கும்.

நாட்டின் பெயர் என்ன சொல்லும்?

இறக்குமதிக் கத்தியில் முதலில் தேட வேண்டியது நாட்டின் பெயர். அது அங்கே வந்ததற்குப் பின்னால் ஒரு வணிகச் சண்டை இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மலிவான ஜெர்மன் கத்திகள் ஷெஃபீல்டின் பெயரையும் முத்திரையையும் போட்டுக்கொண்டு சந்தைக்கு வருவதாக ஷெஃபீல்டு கத்திக்காரர்கள் கொதித்தார்கள். 1887-இல் பிரிட்டன் வணிகக் குறிகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. வெளிநாட்டுப் பொருளை உள்நாட்டுப் பொருள்போல் காட்டி விற்பதைத் தடுப்பது அதன் நோக்கம். 'ஜெர்மனியில் செய்தது' என்ற சொற்கள் வாங்குபவரைத் தயங்க வைக்கும் என்று நினைத்தார்கள். சில பத்தாண்டுகளில் அந்தச் சொற்களே தரத்தின் அடையாளமாக மாறியது ஷெஃபீல்டு எதிர்பாராத விளைவு.

அமெரிக்காவில் 1890-ஆம் ஆண்டின் மெக்கின்லி சுங்கச் சட்டம், 1891 மார்ச் முதல் இறக்குமதிப் பொருள்களில் தயாரித்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. பழைய இறக்குமதிக் கத்திகளில் மிகப் பெரிய பங்கு அந்தச் சந்தைக்குப் போனவை. சுங்க அதிகாரி பார்ப்பதற்காகப் பொறித்த அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் இன்று காலக்கணிப்பு தொடங்குகிறது.

இங்கே ஒரு தர்க்கப் பிழை சர்வசாதாரணமாக நடக்கிறது. கத்தியில் நாட்டின் பெயர் இல்லை, ஆகவே 1891-க்கு முந்தையது என்று எழுதி விற்கிறார்கள். அது செல்லாது. தன் நாட்டிலேயே விற்பதற்காகச் செய்த கத்தியில் நாட்டின் பெயர் தேவைப்படவில்லை. சில கத்திகளில் பெயர் காகித ஒட்டில்தான் இருந்தது. ஒட்டு எப்போதோ உரிந்து போயிருக்கும். தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியதில் எழுத்தே அழிந்துபோன கத்திகளும் உண்டு. ஆக, பெரும்பாலான அடையாளங்கள் 'இதற்கு முன்னால் இல்லை' என்று மட்டும்தான் சொல்லும். 'இதற்குப் பின்னால் இல்லை' என்று சொல்லாது. துருப்பிடிக்காத எஃகும் அப்படித்தான். ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி அதை உருவாக்கியது 1913-இல். அலகில் 'ஸ்டெயின்லெஸ்' என்று இருந்தால் அதை விக்டோரியா காலத்துக் கத்தி என்று சொல்ல வழியே இல்லை. ஆனால் கார்பன் எஃகு என்பதற்காக அது 1913-க்கு முந்தையது என்றும் ஆகிவிடாது. கார்பன் எஃகுக் கத்திகளை இன்றும் செய்கிறார்கள்.

இரண்டு பக்கமும் அடைத்துக் காட்டும் முத்திரைகள் சிலதான். 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்' என்று பொறித்த பொருள்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பின் தொடங்கி, ஆக்கிரமிப்பு முடிந்த 1952 வரையிலான குறுகிய காலத்துக்கு உரியவை. 'மேற்கு ஜெர்மனி' என்று இருந்தால் 1949-க்கும் 1990-க்கும் இடைப்பட்டது. இந்த இரண்டாவது முத்திரையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் தீர்ப்பு பெரும்பாலும் அதைச் சுற்றித்தான் வரும்.

முத்திரையைப் படிக்கும் விதம்

ஊர்களைப் பார்ப்பதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும். எந்த ஊரைத் தேர்ந்தெடுத்தாலும் பயன்படும் திறமை இது ஒன்றுதான்.

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சிறு உருப்பெருக்கி ஒன்று வேண்டும். மடக்குக் கத்தியானால் அலகைத் திறந்து, பிடியோடு சேரும் அடிப்பகுதியைப் பாருங்கள். முத்திரை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். வெளிச்சத்தை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்துகள் எழுந்து தெரியும். எஃகு அச்சை வைத்து அடித்த எழுத்தில், உலோகம் விலகிக் கொடுத்த அடையாளம் இருக்கும். பள்ளத்தின் அடி வழவழப்பாகவும், ஓரம் இலேசாகத் திரண்டும் தெரியும். ஐம்பது அறுபது ஆண்டுகள் கைபட்ட கத்தியில் அந்த ஓரம் சுற்றியுள்ள பரப்போடு சேர்ந்தே மழுங்கியிருக்கும். அமிலத்தால் அரித்த எழுத்தின் அடி சொரசொரப்பாக இருக்கும். லேசரால் எழுதியது ஆழமில்லாமல் ஒரே சீரான கருமையோடு தெரியும்.

போலியைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் துரு. பழைய கத்தியில் துரு தின்ற சிறு குழிகள் எழுத்துக்கு உள்ளேயும் வெளியேயும் பாகுபாடில்லாமல் பரவியிருக்கும். சில இடங்களில் எழுத்தின் ஓரத்தையே கடித்திருக்கும். குழி விழுந்த பரப்பின்மேல் எழுத்து மட்டும் கூர்மையாக நின்றால், துரு முதலில் வந்தது, முத்திரை பிறகு வந்தது என்று அர்த்தம். அதைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். அசல் அலகுகளிலும் எல்லா அடியும் நேராக விழுந்திருக்காது. ஒரு பக்கம் அழுத்தமாகவும் மறுபக்கம் மங்கலாகவும் விழுந்த முத்திரைகள் ஏராளம். கோணலாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு கத்தியைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

அடுத்து, மடக்கிய நிலையில் பாருங்கள். நகத்தை வைத்துத் திறக்கும் பள்ளம் முழுமையாக வெளியே தெரிய வேண்டும். அது பாதி பிடிக்குள் முழுகியிருந்தால், அலகின் அடியில் ஸ்பிரிங்கில் முட்டி நிற்கும் சிறு மேட்டை யாரோ அரத்தால் ராவியிருக்கிறார்கள். சாணை பிடித்துச் சாணை பிடித்து அலகு தேய்ந்துபோனதை மறைக்கவோ, நுனி உடைந்த அலகைத் திருத்தி உள்ளே அடக்கவோ செய்யும் வேலை இது. முழுதாகத் திறக்கும்போதும் மடக்கும்போதும் ஸ்பிரிங் 'டக்' என்று சத்தத்தோடு நிற்க வேண்டும். சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகிற கத்தி, எவ்வளவு பளபளத்தாலும் களைத்துப்போனதுதான்.

ஷெஃபீல்டு: பெரிய பெயர், பெரிய ஆபத்து

பழைய கத்தி என்றதும் மனம் முதலில் போவது ஷெஃபீல்டுக்கு. அதில் வியப்பில்லை. ஷெஃபீல்டு வட்டாரத்தின் ஹாலம்ஷயர் கத்திக்காரர் சங்கம் 1624-இல் சட்டப்படி அமைந்தது. முத்திரைகளைப் பதிவு செய்து காப்பாற்றும் பழக்கம் அங்கே அவ்வளவு பழமையானது. ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் நட்சத்திரமும் மால்டா சிலுவையும், ஜார்ஜ் வோஸ்டன்ஹோமின் 'ஐ எக்ஸ் எல்' குறியும் சேகரிப்பாளர்களிடையே இன்றும் மந்திரச் சொற்கள். வோஸ்டன்ஹோம் அமெரிக்கச் சந்தையை அவ்வளவு நம்பியிருந்தார்; தன் தொழிற்சாலைக்கே 'வாஷிங்டன் ஒர்க்ஸ்' என்று பெயர் வைத்தார். 1851-ஆம் ஆண்டு லண்டன் பெருங்கண்காட்சிக்காக ராட்ஜர்ஸ் செய்த நார்ஃபோக் கத்தியில் 75 அலகுகள். யாருக்கும் எதற்கும் பயன்படாத ஒரு பொருளை இவ்வளவு அழகாகச் செய்ய முடியும் என்று காட்டுவதற்காகவே செய்தது போலிருக்கும்.

காலக்கணிப்புக்கும் ஷெஃபீல்டு நல்ல துப்புகளைத் தருகிறது. அரச குடும்பத்துக்குக் கத்தி வழங்கிய ராட்ஜர்ஸ், கிரீடத்தின் இருபுறமும் அரசரின் எழுத்துகளைப் பொறித்தது. வில்லியம் அரசர் காலத்துக் கத்தியானால் 'டபிள்யூ ஆர்', அதாவது 1830 முதல் 1837 வரை. விக்டோரியா காலத்துக் கத்தியானால் 'வி ஆர்', அதாவது 1837 முதல் 1901 வரை. 'ஜி ஆர்' என்று இருந்தால் எந்த ஜார்ஜ் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நான்காம் ஜார்ஜுக்கும் ஐந்தாம் ஜார்ஜுக்கும் இடையே எண்பது ஆண்டுகள் கிடக்கின்றன. அங்கே நாட்டின் பெயர், பிடியின் பொருள், ஆணியின் வடிவம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவுக்கு வர முடியும்.

அப்படியிருந்தும் தொடங்குகிறவருக்கு ஷெஃபீல்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் காரணம், முத்திரைகள் நிறுவனங்களைவிட நீண்ட ஆயுள் கொண்டவை. ராட்ஜர்ஸும் வோஸ்டன்ஹோமும் 1971-இல் ஒன்றாயின. பிறகு கை மாறின. அந்தப் பெயர்களோடு பிற்காலக் கத்திகளும் வந்தன. முத்திரையில் இருக்கும் பெயரை மட்டும் பார்த்து நூறாண்டுக் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள். பெட்டியில் அச்சிட்ட தொடக்க ஆண்டு கத்தி பிறந்த ஆண்டல்ல என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது காரணம் போவி கத்திகள். 1830-களில் தொடங்கி அமெரிக்காவுக்கென்று ஷெஃபீல்டு செய்து அனுப்பிய பெரிய அலகுக் கத்திகள் இவை. வீர வாசகங்களை அலகில் பொறித்தவையும் அவற்றில் உண்டு. விலை ஏற ஏறப் போலியும் பெருகியது. அனுபவசாலிகளே பல நாள் விவாதிக்கும் பொருள் இது. பழைய அலகுக்குப் புதிய பிடி, பழைய பிடிக்குப் புதிய அலகு, உண்மையான கத்தியில் பிற்காலத்தில் சேர்த்த வாசகம் என்று பாதி அசல்களும் இருக்கின்றன. அவற்றை அடையாளம் காண்பது முழுப் போலியைப் பிடிப்பதைவிடக் கடினம்.

மூன்றாவது, பிடிகள். தந்தம், ஆமையோடு, முத்துச்சிப்பி, கடமான் கொம்பு என்று ஷெஃபீல்டின் சிறந்த வேலையெல்லாம் உயிரினப் பொருள்களில்தான் இருக்கிறது. ஆப்பிரிக்க யானையை அழியும் உயிரினங்களின் வணிகம் குறித்த பன்னாட்டு உடன்படிக்கை 1989-இல் மிகக் கடுமையான பட்டியலில் சேர்த்தது. தந்தப் பிடிக் கத்தியை ஒரு நாட்டின் எல்லை தாண்டி அனுப்புவது பல இடங்களில் அனுமதிச் சீட்டில்லாமல் நடக்காத காரியம். சில இடங்களில் உள்நாட்டில் விற்பதே குற்றம். பழையது என்பதை நிரூபிக்கும் பொறுப்பு பெரும்பாலும் வைத்திருப்பவர் தலையில்தான் விழும். அந்தத் தலைவலி தொடக்கத்திலேயே தேவையில்லை.

சுவிஸ்: பொய் சொல்லத் தெரியாத கத்தி

ஷெஃபீல்டுக்கு நேர் எதிர்த் துருவம் சுவிஸ் படைவீரர் கத்தி. அதன் அலகின் அடியில், செய்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களே பொறித்திருக்கும். '73' என்றால் 1973. விவாதமே கிடையாது.

சுவிஸ் கத்தி எனப்படும் அந்தக் கத்தியின் முதல் தொகுதி சுவிட்சர்லாந்தில் செய்யப்படவில்லை என்பது சுவையான செய்தி. 1890-ஆம் ஆண்டு மாதிரியை முதலில் செய்து கொடுத்தது ஸோலிங்கனில் இருந்த வெஸ்டர் நிறுவனம். உள்நாட்டில் அவ்வளவு எண்ணிக்கையில் செய்யும் வசதி அப்போது இல்லை. 1891-இல் கார்ல் எல்ஸனர் அந்த வேலையைத் தன் நாட்டுக்குக் கொண்டுவந்தார். அவருடைய தாய் விக்டோரியா 1909-இல் இறந்தபின் அவர் பெயரையே வணிகப் பெயராக்கினார். 1921-இல் துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் 'இனாக்ஸ்' அதோடு சேர்ந்து 'விக்டோரினாக்ஸ்' ஆனது. 'விக்டோரியா' என்று மட்டும் இருக்கும் அலகு ஏன் தனி மதிப்புப் பெறுகிறது என்பது இப்போது விளங்கும். இராணுவ ஒப்பந்தம் 1908 முதல் வெங்கர் நிறுவனத்தோடு பங்கிடப்பட்டது. 2005-இல் விக்டோரினாக்ஸ் வெங்கரை வாங்கியது. சில ஆண்டுகளில் வெங்கர் பெயரில் கத்தி வருவது நின்றுபோனது.

1961-ஆம் ஆண்டு மாதிரி, கட்டம் கட்டமாகப் புடைத்த அலுமினியப் பிடியோடு 2008 வரை தொடர்ந்தது. ஏராளமாகச் செய்ததால் எளிதாகக் கிடைக்கும். எளிதாகக் கிடைப்பதால் போலி செய்கிறவருக்கு ஆதாயம் இல்லை. ஆண்டுக்கு ஒன்று என்று வரிசையாக அடுக்கிக்கொண்டே போகலாம். தேடும் சுகமும் முடிக்கும் திருப்தியும் இரண்டும் உண்டு.

குறை என்னவென்றால், அது ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறது. '73'-க்கும் '78'-க்கும் இடையில் ஆண்டைத் தவிர வேறு வேறுபாட்டைத் தேடினால் கண் வலிக்கும். பொதுமக்களுக்கென்று வந்த சிவப்புப் பிடிக் கத்திகளில் வகைகள் ஏராளம். ஆனால் அங்கே ஆண்டு எண் கிடையாது. முத்திரையின் எழுத்து வடிவம், வளையம், கருவிகளின் நுணுக்கம் என்று குறுக்கு வழியில்தான் காலத்தைக் கணிக்க வேண்டும். அது தனிப் படிப்பு. உறுதியான தேதிதான் முக்கியம், கைவேலையின் பன்முகம் இரண்டாம்பட்சம் என்று நினைப்பவர்கள் இங்கே தொடங்கினால் பழுதில்லை.

செகி: யாரும் திரும்பிப் பார்க்காத நேர்மை

ஜப்பானின் கிஃபு மாகாணத்தில் இருக்கும் செகி, பல நூற்றாண்டு வாள் செய்த ஊர். போருக்குப் பின் அந்தத் திறமை ஏற்றுமதிக் கத்திகளுக்குத் திரும்பியது. 1960-கள் முதல் 1980-கள் வரை அங்கிருந்து போன மடக்குக் கத்திகளில் ஒரு பெரும் பகுதி, 1964-இல் வந்த அமெரிக்காவின் பக் 110 கத்தியின் சாயலில் செய்த மலிவுச் சரக்கு. அந்த மலிவுச் சரக்கால் நல்ல சரக்கின் பெயரும் சேர்ந்தே கெட்டது. நியாயமில்லாத கெட்ட பெயர் அது. அமெரிக்காவின் கெர்பர் நிறுவனத்தின் 'சில்வர் நைட்' கத்திகளைச் செகியின் சாகாய் பட்டறை செய்து கொடுத்தது. கெர்பரில் வடிவமைப்பாளராக இருந்த அல் மார் 1979-இல் தனி நிறுவனம் தொடங்கியபோது, தன் கத்திகளுக்கும் செகியைத்தான் நாடினார். அந்தக் கத்திகளில் அலகும் ஸ்பிரிங்கும் பூணும் சந்திக்கும் கோட்டில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள், எங்கும் தட்டாது. அதே காலத்து ஐரோப்பியக் கத்திகளில் பலவற்றில் தட்டும்.

நேர்மை என்றேன். போலி செய்யும் அளவுக்கு இவற்றுக்கு மவுசு ஏறாததால் 'ஜப்பான்' என்று இருந்தால் பெரும்பாலும் ஜப்பான்தான். ஆனால் என் அளவுகோலில் செகி வழுக்குகிறது. அலகில் இருப்பது அநேகமாக இறக்குமதி செய்தவரின் வணிகப் பெயர். செய்த பட்டறையின் பெயர் இருக்காது, ஆண்டும் இருக்காது. ஒரே பட்டறை பல பெயர்களுக்குச் செய்து கொடுத்திருக்கும். ஒரே பெயருக்குப் பல பட்டறைகள் செய்திருக்கும். பழைய விற்பனைப் பட்டியல்களை வைத்து ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அலமாரியில் வைக்காமல் அன்றாடம் பயன்படுத்தும் எண்ணத்தில் வாங்குகிறவர்களுக்கு, கொடுத்த பணத்துக்குக் கிடைக்கும் வேலைத்திறனில் செகியை மற்ற மூன்றும் நெருங்காது.

ஸோலிங்கன், அதிலும் 1949 முதல் 1990 வரை

என் தேர்வு இது. எல்லா ஸோலிங்கனும் அல்ல. 'மேற்கு ஜெர்மனி' என்று பொறித்த கத்திகள்.

ஊரின் பெயரே இங்கே சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. 1938-இல் ஸோலிங்கன் பெயரைக் காக்கும் சட்டம் வந்தது. 1994-இல் அது புதுப்பிக்கப்பட்டது. முக்கியமான தயாரிப்புக் கட்டங்கள் அந்த வட்டாரத்திலேயே நடந்த கத்திக்குத்தான் அந்தப் பெயரைப் போடலாம். ஆகவே 'ஸோலிங்கன், மேற்கு ஜெர்மனி' என்ற சில சொற்கள் இடத்தையும் சொல்கின்றன, காலத்தையும் இரண்டு பக்கம் அடைத்துச் சொல்கின்றன. மற்ற மூன்று ஊர்களில், சுவிஸ் படைவீரர் கத்தியைத் தவிர, இவ்வளவு தெளிவு கிடைக்காது. சுவிஸ் கத்தியில் இல்லாத பன்முகமும் இங்கே இருக்கிறது: வேட்டைக் கத்தி, பேனாக்கத்தி, தோட்டக் கத்தி, கடமான் கொம்புப் பிடி, மரப்பிடி, செல்லுலாய்டு பிடி.

எச்சரிக்கை ஒன்று உண்டு. வெறுமனே 'ஜெர்மனி' என்று இருந்தால் அது 1949-க்கு முந்தையது என்று விற்பார்கள். மேற்கு ஜெர்மனி இருந்த காலத்திலும் 'ஜெர்மனி' என்று மட்டும் பொறித்த பட்டறைகள் இருந்தன. மேற்கு என்ற சொல் இருப்பது சாட்சி, இல்லாதது சாட்சியல்ல.

இந்தக் காலத்துக்குள் இன்னும் நுட்பமாகத் தேதி தரும் பெயர், ஸோலிங்கன் கத்தி நிறுவனமான பூமா. 1964 முதல் அது தன் கத்திகளில் பொறித்த கட்டுப்பாட்டு எண்ணை வைத்து ஆண்டைக் கண்டுபிடித்துவிடலாம். 1956-இல் வந்த 'ஒயிட் ஹன்டர்' வேட்டைக் கத்தியை எடுத்துக்கொண்டால், அலகில் 6377 என்று இருக்கும். அது மாதிரியின் எண். ஆண்டுக்குரிய எண், விரல் அலகுக்கு வழுக்காமல் தடுக்கும் கைக்காப்பில் தனியாக இருக்கும். முதலாவதைத் தேதி என்று நினைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறவர்கள் நிறைய. அலகில் சிறு புள்ளிபோல் ஒரு குழி இருந்தால் பயப்பட வேண்டாம்; எஃகின் கடினத்தைச் சோதித்த கருவியின் தடம் அது. அதைக் குறை என்று சொல்லி விலை குறைத்துக் கேட்கிறவரும் இருக்கிறார், அதைத் தேய்த்து அழித்துவிட்டு 'சுத்தம் செய்தேன்' என்கிறவரும் இருக்கிறார்.

ஹென்கல்ஸின் இரட்டையர் சின்னம் 1731-இல் ஸோலிங்கன் கத்திக்காரர் சங்கத்தில் பதிவானது. இரட்டையர் இருந்தால் ஒரு கதை. கையை விரித்து நிற்கும் ஒற்றை மனிதன் மட்டும் இருந்தால் அது பிற்காலத்தில் பல நாடுகளில் செய்து விற்ற வேறு வரிசை. படத்தில் அவசரமாகப் பார்க்கிறவர் இரண்டையும் குழப்பிக்கொள்வார். போக்கரின் மரச் சின்னத்திலும் பொறி உண்டு. அந்தச் சின்னத்தோடு அமெரிக்காவிலும் கத்தி செய்தார்கள். மரத்தைப் பார்த்ததும் ஜெர்மனி என்று முடிவு கட்டாமல், மறுபக்கத்தையும் திருப்பிப் பார்க்க வேண்டும்.

ஸோலிங்கனில் தொடவே வேண்டாம் என்று நான் சொல்வது நாஜி காலக் குத்துவாள்களை. உலகில் மிக அதிகமாகப் போலி செய்யப்படும் கூர்ப்பொருள்களில் அவை சேரும். அவற்றின் சின்னங்களைப் பொதுவில் காட்டுவது ஜெர்மனி உட்படச் சில நாடுகளில் குற்றமும்கூட.

விட்டுப்போனவை

மற்ற ஊர்களையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். பிரான்ஸின் ஒப்பினெல் கத்தியில் அலகைப் பூட்டும் சுழல் வளையம் 1955-இல் வந்தது. வளையம் இல்லாததெல்லாம் பழையது என்று சொல்லிவிட முடியாது. மிகச் சிறிய அளவுகளில் இன்றும் வளையம் கிடையாது. லகியோல் என்ற பிரெஞ்சு ஊரின் பெயர் ஒரு பாணியின் பெயராகிவிட்டது. ஸ்பிரிங்கின்மேல் தேனீ உட்கார்ந்திருப்பதை வைத்து ஊரையோ பட்டறையையோ சொல்ல முடியாது. ஸ்வீடனின் எஸ்கில்ஸ்டூனாவில் செய்த பீப்பாய் வடிவக் கத்திகள் கையடக்கமான அழகு. ஆனால் அவற்றில் காணும் 1874 என்ற எண்ணைத் தயாரித்த ஆண்டென்று நம்பி அதிகப் பணம் கொடுத்தவர்கள் ஏராளம்.

இத்தாலியின் மனியாகோ ஊர் விசைக் கத்திகள், பொத்தானை அழுத்தினால் அலகு பாய்ந்து வெளிவருபவை, தொடங்குகிறவருக்கு உகந்தவை அல்ல. அமெரிக்கா 1958-இலேயே சட்டம் போட்டு அவற்றின் இறக்குமதியைத் தடுத்தது. பல நாடுகளில் அவற்றை வைத்திருப்பதே குற்றம். உங்கள் நாட்டுச் சட்டத்தைப் படிக்காமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

முதல் கத்தி எப்படி இருக்கட்டும்?

மேற்கு ஜெர்மனி என்று முடிவு செய்தபின்னும் ஒரு தேர்வு பாக்கி இருக்கிறது. 1970-களிலும் 1980-களிலும் அமெரிக்கச் சேகரிப்பாளர்களுக்கென்றே ஸோலிங்கனில் செய்த 'ஃபைட்டிங் ரூஸ்டர்' போன்ற வரிசைகள் உண்டு. வண்ணவண்ணச் செல்லுலாய்டு பிடிகளோடு கண்ணைப் பறிக்கும். அலகு உபயோகமே படாமல் புதிதாக இருக்கும். தொடங்குகிறவரின் கை முதலில் இவற்றுக்குத்தான் நீளும்.

கொஞ்சம் பொறுங்கள். செல்லுலாய்டு நாளாக ஆகத் தானே சிதைந்து அமில ஆவியை வெளியிடும் பொருள். நல்ல நிலையில் இருக்கும் பிடியை விரலால் வேகமாகத் தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாசனை வரும். அதில் கற்பூரம் கலந்திருக்கிறது. சிதையத் தொடங்கியதில் அந்த வாசனை போய் மூக்கை எரிக்கும் காரநெடி வரும். பிடியில் நுண்ணிய வலைபோல் விரிசல் ஓடும், பித்தளையில் பச்சை பூக்கும், பிடியை ஒட்டிய பக்கத்தில் மட்டும் அலகு துருவேறும். ஒரு கத்தி கெட்டால் அதே பெட்டியில் இருக்கும் மற்றவையும் அந்த ஆவியில் கெடும். எப்போது கெடும் என்பதை முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. ஒரே தொகுதியில் ஒன்று ஐம்பது ஆண்டு தாங்கும், மற்றொன்று தாங்காது.

ஆகவே முதல் சில கத்திகள் கொம்புப் பிடியோ மரப்பிடியோ ஆக இருக்கட்டும். கொம்பு சுருங்கிப் பூணிலிருந்து விலகியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இலேசான இடைவெளி வயதின் இயல்பு, ஆடினால்தான் குறை. வேட்டைக் கத்தியைத் தோலுறையில் போட்டு வைக்காதீர்கள். தோலைப் பதப்படுத்திய பொருளும் அது இழுக்கும் ஈரமும் எஃகையும் பித்தளையையும் அரிக்கும். உறையைப் பக்கத்தில் தனியாக வைத்து, அலகில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்தால் போதும். கருத்துப்போன கார்பன் எஃகை உப்புத்தாளால் தேய்த்து வெளுக்க நினைக்க வேண்டாம். சாம்பல் நிறம் துரு அல்ல, செந்நிறத்தில் தூளாக உதிர்வதுதான் துரு. அதையும் முத்திரைக்குப் பக்கத்தில் தொடாமல் மற்ற இடத்தில் மட்டும் எடுங்கள். செல்லுலாய்டு கத்தி மேல் ஆசை தீரவில்லையென்றால் வாங்கிக்கொள்ளலாம். காற்று போய்வரும் தனிப் பெட்டியில், மற்ற கத்திகளுக்கு எட்டாத தூரத்தில் வைத்து, அவ்வப்போது திறந்து முகர்ந்து பாருங்கள்.